மழலைக்கு மறுமொழி கூறுங்கள்



தொட்டிலில் கிடக்கும் குழந்தை ‘பப்பப்பா’, ‘மம்மம்மா’ என்று ஓயாமல் ஒலியெழுப்புகிறது. பொருளற்ற ஓசையென எண்ணி, கேட்டுச் சிரித்துவிட்டு நாம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். உண்மையில் அது பேச்சுக்குரிய பயிற்சியாகும்.

இரண்டு, மூன்று மாதங்களில் ‘ஆ’, ‘ஊ’ என்ற உயிரோசைகள் பிறக்கின்றன. ஆறு முதல் பத்து மாதங்களுக்குள் மெய்யும் உயிரும் சேர்ந்த அசைகள் அடுக்கடுக்காய் வருகின்றன. இதழ்களைச் சேர்ப்பதாலும், நாவு பல்லைத் தொடுவதாலும் எழும் எளிய ஒலிகள் அவற்றுள் மிகுதி. நம் இல்லங்களில் வழங்கும் உம்மா, வாப்பா, அத்தா என்ற சொற்களிலும் அவ்வொலிகளே இருப்பதைக் காணுங்கள்.

இம்மழலை தனித்து வளர்வதில்லை. 2003-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், எட்டு மாதக் குழந்தை ஒலியெழுப்பியவுடன் தாய் முறுவலித்து, அருகே வந்து தொட்டபோது, அதன் மழலை பேச்சொலியை மேலும் நெருங்கியது. அதே பரிவைக் குழந்தையின் ஒலியோடு இணையாத வேளையில் காட்டியபோது அம்மாற்றம் நிகழவில்லை. அதே ஆண்டில் பாட்ரீசியா கூல் குழுவினர் மற்றோர் உண்மையை வெளியிட்டனர். நேரில் ஒருவர் சீன மொழியில் பேசி விளையாடியபோது, ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகள் அம்மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. அதே பேச்சைத் திரையில் மட்டும் கண்ட குழந்தைகள் கற்கவில்லை. குழந்தையின் கையில் கைப்பேசியைக் கொடுத்துவிட்டு அது பேசக் கற்கும் என்று நம்புவோர் இதைச் சிந்திக்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. செவித்திறன் குறைந்த குழந்தையும் தொடக்க மாதங்களில் மற்றக் குழந்தைகளைப் போலவே ஒலியெழுப்பும். ஆதலால் பெற்றோருக்கு ஐயம் எழுவதில்லை. ஆனால் அடுக்கசை மழலை அதனிடம் காலந்தாழ்ந்தே தோன்றும். பத்து மாதம் கடந்தும் அது வரவில்லையெனில், “இவன் தகப்பனும் மூன்று வயதில்தான் பேசினான்” என்ற ஆறுதலை நம்பிக் காத்திராதீர்கள். காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். பிறந்த சில நாட்களிலேயே செய்யத்தக்க வலியற்ற சோதனைகள் உள்ளன. ஆறு மாதத்திற்குள் குறை கண்டறியப்பட்டு உதவி பெற்ற குழந்தைகள், பிந்திக் கண்டறியப்பட்டோரைவிட மொழியில் முன்னேறியிருந்ததை 1998-இல் கொலராடோ ஆய்வு எடுத்துக்காட்டியது.

எனவே உம்மா மட்டுமன்றி வாப்பாவும், நன்னாவும், நன்னியும் குழந்தையோடு பேசுங்கள். அது ஒலியெழுப்பும்போது கைவேலையைச் சற்றே நிறுத்தி, முகம் நோக்கி, “அப்படியா? அப்புறம்?” என்று கேளுங்கள். பின்பு சிறிது காத்திருங்கள். மறுமொழி வரும். வராவிடில் அதையும் அலட்சியம் செய்யாதீர்கள்.