ஸ்தல ஸ்தாபனங்களும் ஊர்ச் செல்வமும்

கிராமப் பஞ்சாயத்தென்பது தெருவிளக்கையும் குடிநீரையும் கவனிப்பதற்கென ஏற்பட்டதொரு சபை என்றே நம்மவரிற் பலர் கருதுகின்றனர். ஊராரின் செல்வத்தைப் பெருக்குவது சர்க்காரின் கடன், அன்றேல் வியாபாரிகளின் கடன். பஞ்சாயத்தின் வேலை அவர்கள் வாயிலில் மனுவோடு நிற்பதே என்பது அன்னார் எண்ணம். இவ்வெண்ணம் தவறென்பது நமது துணிபு. இதற்குச் சான்று தேடித் தூரதேசம் செல்லவேண்டுவதில்லை.

கோயம்புத்தூர் ஜில்லாவில் மேட்டுப்பாளையத்துக்கு அணித்தாய் உள்ளது ஓடந்துறைப் பஞ்சாயத்து. நீர் இறைப்பதற்கும் விளக்கெரிப்பதற்கும் ஆகும் மின்சாரச் செலவு ஆண்டுதோறும் ஏறிவரக் கண்ட அச்சபையார், மனுச் செய்வதோடு நின்றாரல்லர். முதலில் மரத்துண்டுகளை வாயுவாக்கி நீர் இறைக்கும் பொறியொன்றை அமைத்தனர். பின்னர் 2006-ம் ஆண்டில், 350 கிலோவாட் சக்தியுள்ள காற்றாலை ஒன்றையே விலைக்கு வாங்கினர். விலை ரூபாய் 1 கோடியே 55 இலட்சம். அதில் 40 இலட்சம் பஞ்சாயத்தின் சேமிப்பு. எஞ்சியது பாங்கிக் கடன். காற்றாலை நிற்பது அவ்வூரிலன்று. பாலக்காட்டுக் கணவாயின் காற்று வீசும் உடுமலைப்பேட்டைப் பக்கத்திலே. அங்கு உண்டாகும் மின்சாரம் மின்சார வாரியத்தின் கம்பிகளிற் சேரும். ஊர் செலவிடுவது கணக்கிற் கழிய, மிகுந்ததற்கு வாரியம் விலை கொடுக்கும். அவ்விலை கடனுக்குச் செல்லும். இதுவே அன்று செய்த ஏற்பாடு.

இங்கே பஞ்சாயத்து, பாங்கி, வாரியம் என மூவர் கூடினர். எவரும் தருமம் செய்தாரில்லை. பாங்கி பணம் ஈந்தது இரக்கத்தாலன்று. வரவு செலவு ஒழுங்காயுள்ள சபையென்று கண்டமையால். சேமிப்பில்லாத பஞ்சாயத்துக்குக் கூட்டாளி கிடைப்பதரிது, எசமானர்தாம் கிடைப்பர். வீட்டுவரியைக் கண்டிப்பாய்த் தண்டினால் அடுத்த தேர்தலில் வாக்குக் குறையுமென்று அஞ்சும் தலைவர்களை நாம் அறியாதவரல்லோம். அவ்வச்சத்தின் விலையை ஊரே கொடுக்கின்றது.

எல்லா ஊரும் காற்றாலை வாங்கக் கூடுமோ எனின், கூடாது, வாங்கவும் வேண்டா. கேரள நாட்டில் 1998-ல் தொடங்கிய குடும்பஸ்ரீ இயக்கத்தின் மாதர் சங்கங்கள், பஞ்சாயத்துக்களோடு இணைந்து, நிலத்தைக் குத்தகைக்கெடுத்துப் பயிரிடுகின்றன, உணவுச்சாலைகளும் நடத்துகின்றன. ஊருக்கு எது உளதோ அதுவே முதல்.

ஆனால் கூட்டுக்கு ஆள் வேண்டுமன்றோ? ஸ்தல சுயாட்சியைப் பற்றி ரிப்பன் பிரபு தீர்மானம் வெளியிட்டது 1882-ல். நமது அரசியற் சட்டத்தின் 73-வது திருத்தம் 1993-ல் அமலுக்கு வந்து, விவசாயம் முதலாக 29 விஷயங்களைப் பஞ்சாயத்துக்குரியவை என வகுத்தது. அங்ஙனமிருந்தும், தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் காலம் முடிந்த கிராமப் பஞ்சாயத்துக்களுக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் வந்தது. சில ஜில்லாக்கள் 2021 அக்டோபர் வரை காத்திருந்தன. 2019-ல் தெரிந்தெடுக்கப்பட்ட சபைகளின் காலம் 2025 ஜனவரியில் முடிந்தபோதும் தனி அலுவலர்களே பொறுப்பேற்றனர்.

தனி அலுவலர் நேர்மையாளராயிருக்கலாம், பலர் அத்தகையோரே. விளக்குக்குப் பணம் கட்டுவார், குழாயைச் செப்பனிடுவார். எனினும் நாளை மாற்றலாகிச் செல்பவர், பல்லாண்டு தீர்க்கவேண்டிய கடனை ஊரின் தலையில் ஏற்றத் துணிவரோ? துணியாமை அவருக்கு அழகே. காலத்தில் தேர்தல் நடத்துக என நாம் கேட்பதைச் சிலர் கட்சிப் பேச்சென்று ஒதுக்குவர். பாங்கியின் பத்திரத்தில் ஊருக்காகக் கையொப்பமிடுவார் யார் என்பதே நமது வினா.