ஆட்டுக்கொல்லித் தடுப்பூசியை எந்தத் தண்ணீரில் கரைப்பது?

கேள்வி: தடுப்பூசியுடன் வந்த கரைப்பான் புட்டி உடைந்துவிட்டது. மருந்துக் கடையில் ‘கிருமி வளராத ஊசித் தண்ணீர்’ இருக்கிறது. அதில் கரைத்து வெள்ளாடுகளுக்குப் போடலாமா?
– வாசகர், பாஞ்சாலங்குறிச்சி

பதில்: போடக் கூடாது. ஊசித் தண்ணீரில் இரண்டு வகை உண்டு. ஒன்று, வேறெதுவும் கலக்காத கிருமி நீக்கிய தண்ணீர். புட்டியைத் திறந்தால் அப்போதே பயன்படுத்தி, மீதியைக் கொட்டிவிட வேண்டும். மற்றது, 0.9 சதவீதம் பென்சைல் ஆல்கஹால் சேர்த்தது. ஒரே புட்டியிலிருந்து பலமுறை எடுக்கும்போது கிருமி பெருகாமல் தடுக்கவே அதைச் சேர்க்கிறார்கள். ஆய்வகத்துக்கும் சில மருந்துகளுக்கும் அது ஏற்றது.

ஆட்டுக்கொல்லித் தடுப்பூசியில் இருப்பது வீரியம் குறைத்த, உயிருள்ள நச்சுயிரி. கிருமித் தடுப்பு மருந்து பட்டால் அதன் வீரியம் கெடலாம். கெட்டது கண்ணுக்குத் தெரியாது. ஊசி போட்டாயிற்று என்று நம்பியிருக்கும்போது நோய் வந்தால் பட்டியே காலியாகும். கொதித்து ஆறிய கிணற்று நீரும் ஆகாது. கொதித்தாலும் உப்பு போகாது.

செய்ய வேண்டியது: மருந்தைத் திறக்காமல் பனிக்கட்டிப் பெட்டியிலேயே வைத்து, கால்நடை மருந்தகத்தில் அதற்குரிய கரைப்பானைக் கேட்டு வாங்குங்கள். கரைப்பானையும் குளிரவைத்த பிறகே கலக்க வேண்டும். கலக்கிய மருந்தை வெயில் படாமல் பனிக்கட்டி மேல் வைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். ஆட்டுக்கு 1 மி.லி., கழுத்துத் தோலுக்கு அடியில். ஊசிக்குழலை ஸ்பிரிட், டெட்டால் கொண்டு கழுவக் கூடாது. வெந்நீரில் கொதிக்கவைத்து ஆறவிட்டாலே போதும். மிஞ்சிய மருந்தை மறுநாளுக்கு வைக்காதீர்கள்.