சுடுதண்ணீர் போல ஒரு தேத்தண்ணி



சென்ற வருடக் கடைசியில் என் அக்காவின் மகள் சீனாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தாள். புலமைப்பரிசில் கிடைத்துப் படிக்கப் போனவள். எனக்கென்று உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு தகரப்பேணி கொண்டுவந்து தந்தாள். "சின்னம்மா, இது வெள்ளைத் தேயிலை. அங்கை இதுக்குப் பெரிய மதிப்பு" என்று சொல்லிவிட்டு மற்ற வீடுகளுக்கும் போகவேண்டும் என்று ஓடிவிட்டாள்.

மறுநாள் விடியப் பேணியைத் திறந்தேன். உள்ளே தூள் இல்லை. விரற்கணு நீளத்தில் ஊசி ஊசியாய் அரும்புகள். ஒவ்வொன்றின் மேலும் வெள்ளி நிறத்தில் மெல்லிய பூனைமயிர். நான் எங்கள் வழக்கப்படி கேத்திலில் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவைத்து, ஒரு தேக்கரண்டி போட்டு ஊற்றி, உடனேயே வடித்து, பால்மாவும் சீனியும் கலந்து குடித்தேன். பால்மாவின் சுவைதான் இருந்தது. அடுத்த கோப்பையைப் பால் இல்லாமல் குடித்தேன். சுடுதண்ணீர்! இதற்கா இவ்வளவு பெருமை என்று பேணியை அலுமாரியில் வைத்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அவள் வந்து விசாரித்தபோது உண்மையைச் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. "பாவம் சின்னம்மா அந்தத் தேயிலை" என்றாள். என்னைப் பாவம் என்று சொல்லவில்லை, கவனித்தீர்களா? பிறகு அடுப்படியில் என் பக்கத்தில் நின்று சொல்லித்தந்தாள். அன்றிலிருந்து அதைப்பற்றி வாசித்தும் வருகிறேன். இம்மாதம் அதைத்தான் எழுத நினைத்தேன். எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

வெள்ளைத் தேயிலையின் தாய்வீடு சீனாவின் தென்கிழக்குக் கரையில் உள்ள பூஜியான் மாகாணம். அதிலும் புடிங், ஷெங்ஹே என்ற இரண்டு இடங்கள் பேர்பெற்றவை. செடி எங்கள் மலையகத்துத் தேயிலைச் செடியின் இனந்தான். ஆனால் அங்கே 'பெரிய வெள்ளை' என்று பொருள்படும் 'தா பாய்' என்றொரு வகையை வளர்க்கிறார்கள். அதன் அரும்பு பருமனாக, மயிர் நிறைந்து இருக்கும். அந்த வெள்ளை மயிரால்தான் வெள்ளைத் தேயிலை என்ற பெயர். 1880களில் இந்தச் செடியின் அரும்பில் செய்யத் தொடங்கியதுதான் இன்று உலகமெங்கும் போகும் 'வெள்ளி ஊசி'. சீன மொழியில் பாய்ஹாவ் யின்சென் என்பார்கள்.

புடிங்கில் தாய்மூ என்றொரு மலை இருக்கிறது. முன்னொரு காலத்தில் ஊரில் சின்னமுத்து பரவிப் பிள்ளைகள் இறந்துகொண்டிருந்தபோது, அந்த மலையில் வாழ்ந்த ஒரு பெண் வெள்ளைத் தேயிலையைக் காயவைத்து, வீடு வீடாய்க் கொண்டுபோய் அவித்துக் கொடுத்துப் பிள்ளைகளைக் காப்பாற்றினாள் என்பது அந்த ஊர்க் கதை. அவளை இன்றும் தெய்வமாக வணங்குகிறார்கள். கதை கதைதான், சின்னமுத்துக்குத் தடுப்பூசிதான் வழி. என்றாலும் நோய் வந்த காலத்தில் வீடு வீடாய் நடந்த ஒருத்தியை ஊர் மறக்கவில்லை என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

இனி, அதை எப்படிச் செய்கிறார்கள் என்று கேளுங்கள். எங்கள் கறுப்புத் தேயிலைக்குக் கொழுந்தை வாடவைத்து, உருளையில் போட்டு அரைத்து, புளிக்கவிட்டு, சூட்டில் உலர்த்துவார்கள். பச்சைத் தேயிலை என்றால் பறித்தவுடன் சட்டியில் வறுப்பார்கள், அல்லது ஆவியில் அவிப்பார்கள். வெள்ளைத் தேயிலைக்கு வாடவைப்பதும் உலர்த்துவதுந்தான். பறித்ததை மூங்கில் தட்டுகளில் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் பரப்பி வாடவிடுகிறார்கள். இரண்டு மூன்று நாட்கள் அப்படியே கிடக்கும். பிறகு மெல்லிய சூட்டில் உலர்த்தி எடுக்கிறார்கள். கசக்குவதும் இல்லை, வறுப்பதும் இல்லை.

இது சுகமான வேலை என்று நினைத்துவிட வேண்டாம். நீங்கள் ஒடியல் காயப்போட்டிருப்பீர்கள், மிளகாய் காயப்போட்டிருப்பீர்கள், மோர் மிளகாய் போட்டிருப்பீர்கள். வானம் இருண்டால் எங்களுக்கு எப்படி நெஞ்சு பதறும்! அப்படித்தான் அவர்களுக்கும். வெயில் கூடினால் அரும்பு சிவந்துபோகும். ஈரம் கூடினால் கறுத்துப்போகும். தட்டுகளை வெயிலுக்குக் கொண்டுபோவதும் உள்ளே எடுப்பதுமாக அந்த நாட்கள் கழியும். இப்போது பல இடங்களில் மழை நாளுக்கென்று சூடான காற்று விடும் அறைகள் வந்துவிட்டன. ஆனாலும் நல்ல வெயிலும் காற்றும் கண்ட தேயிலைக்குத் தனி மதிப்பு.

வெள்ளி ஊசிக்கு வசந்த காலத்தின் முதல் அரும்புதான் வேண்டும். மார்ச் நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை சில வாரங்கள். மழை பெய்தால் பறிப்பதில்லை, பனி உலராமல் பறிப்பதில்லை. பூச்சி கடித்த அரும்பு, மெலிந்த அரும்பு எல்லாம் தள்ளுபடி. ஷெங்ஹே பக்கத்தில் இலையோடு பறித்துவந்து, பிறகு வீட்டில் இருந்து இலையை நீக்கி அரும்பைத் தனியே உருவி எடுக்கும் வழக்கமும் உண்டு. 'ஊசி உருவுதல்' என்று அதற்குப் பெயர். கைதான் இதற்கெல்லாம் கருவி. காய்ந்த தேயிலை ஒரு கிலோவுக்குப் பச்சைக் கொழுந்து நாலு, ஐந்து கிலோ வேண்டும். ஒற்றை அரும்பாய்ப் பறித்து அத்தனை கிலோ சேர்ப்பதென்றால் எத்தனை விரல்கள் நோகும் என்று மலையகத்துச் சகோதரிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எங்கள் நாட்டிலும் 'சில்வர் ரிப்ஸ்' என்ற பெயரில் இதேபோல அரும்பைத் தனியே பறித்துச் செய்கிறார்கள். பெரும்பாலும் வெளிநாட்டுக்குப் போய்விடுகிறது. பறிக்கிறவள் குடித்துப் பார்த்திருப்பாளா என்பது வேறு கதை.

வெள்ளி ஊசிக்கு அடுத்தது 'வெள்ளைப் பியோனிப் பூ' என்று பொருள்படும் பாய் மூதான். ஒரு அரும்பும் அதோடு ஒட்டிய ஒன்றிரண்டு இலைகளும். அதற்குக் கீழே முற்றிய இலைகளால் ஆன ஷோவ்மெய். விலை குறைவு, நிறம் கூட. கீழ்த்தரம் என்று ஒதுக்கவேண்டியதில்லை. ஷோவ்மெய்யைப் பல வருடம் வைத்திருந்து, குளிர் நாளில் பானையில் போட்டுக் கொதிக்கவைத்தே குடிக்கிறார்களாம். பழசானால் இனிப்புக் கூடி, பேரீச்சம்பழ வாசனை வரும் என்றாள் பெறாமகள். பழையது மருந்து, மிகப் பழையது புதையல் என்று அங்கே ஒரு பேச்சு உண்டு. எனக்கென்னவோ அதில் வியாபாரியின் குரலும் கொஞ்சம் கேட்கிறது.

சரி, நான் செய்த பிழைக்கு வருகிறேன். முதலாவது, தண்ணீர். அரும்பு இளசு. கொதிக்கிற தண்ணீரை அப்படியே ஊற்றினால் மென்மையான வாசனை போய், சிலவேளை கசப்பும் ஏறும். எண்பது, எண்பத்தைந்து பாகை சூடு போதும். வெப்பமானி யாரிடம் இருக்கிறது? தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, மூடியைத் திறந்து ஐந்து நிமிடம் விடுங்கள். அவசரமென்றால் ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு இரண்டு தரம் ஆற்றுங்கள். அந்த வித்தை எங்களுக்குக் கைவந்ததுதானே. எட்டாம் நூற்றாண்டில் தேநீரைப்பற்றி நூல் எழுதிய லூ யூ என்ற சீனர் தண்ணீரில் எழும் குமிழைப் பார்த்தே பதம் சொன்னார். முதலில் மீன் கண்போலக் குமிழ், பிறகு முத்துக் கோத்ததுபோல. அதற்குமேல் அலையடித்துக் கொதித்தால் தண்ணீர் கிழடாகிவிட்டது என்பது அவர் கணக்கு. கிழட்டுத் தண்ணீர்! எங்கள் வீட்டில் குடிப்பது எல்லாம் அதுதான்.

இரண்டாவது, அளவு. ஒரு கிளாஸ் தண்ணீருக்கு, அதாவது 200 மில்லிலீற்றருக்கு, மூன்று நாலு கிராம் வேண்டும். அரும்பு பருத்து இடத்தை அடைப்பதால் தேக்கரண்டிக் கணக்கு ஏமாற்றிவிடும். மேசைக்கரண்டியால் குவித்து ஒன்றரை போடலாம். மூன்றாவது, நேரம். தூளாக இருந்தால் சாயம் உடனே இறங்கும். இது உடையாத அரும்பு, மேலே மயிர்ப்போர்வை வேறு. தண்ணீர் உள்ளே போகவே நேரம் எடுக்கும். நாலைந்து நிமிடம் இருக்கவேண்டும்.

கண்ணாடிக் கிளாஸில் போட்டுப் பாருங்கள். முதலில் எல்லாம் மேலே மிதக்கும். பிறகு தண்ணீர் குடித்த அரும்புகள் ஒவ்வொன்றாய் நிமிர்ந்து, நின்ற நிலையிலேயே மெல்லக் கீழே இறங்கும். அந்த நாலு நிமிடமும் நான் ஒரு வேலையும் செய்யாமல் கிளாஸைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அடுப்படியில் நான் அப்படி இருந்து எத்தனை வருடம்!

நிறம் இளவைக்கோல் மஞ்சள். மேலே நுண்ணிய மயிர் மிதந்தால் அது தூசி அல்ல. சுவை முதல் மிடறில் பிடிபடாது. பச்சை வெள்ளரிப்பிஞ்சும் காய்ந்த வைக்கோலும் கலந்த ஒரு வாசனை, விழுங்கிய பிறகு தொண்டையில் ஒரு தேன் இனிப்பு. சீனி போட்டால் அந்த இனிப்பு செத்துப்போகும். ஒருமுறை வடித்ததை வீசிவிடாமல் மூன்று நாலு தரம் ஊற்றிக் குடிக்கவேண்டும். இரண்டாவது கிளாஸ்தான் திறம் என்பது என் அபிப்பிராயம். 2009இல் முகாமில் ஒரே தேயிலையை நாங்கள் மூன்று தரம் ஊற்றிக் குடித்தோம், யாராவது வந்தால் வெட்கப்பட்டோம். சீனாவில் அதுதான் முறை என்று அப்போது தெரியாமல் போய்விட்டது.

மற்றக் காரணம் என்றேனே. எங்கள் மாதர் சங்கத்து அக்கா ஒருவர், அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவர், முட்டை விற்றுச் சேர்த்த காசைக் கொடுத்து வீட்டு வாசலில் வந்த ஒருவரிடம் 'வெள்ளைத் தேயிலை' பெட்டி இரண்டு வாங்கியிருந்தார். கொழுப்பைக் கரைக்கும், சீனி வருத்தத்தை, அழுத்தத்தை மாற்றும் என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். அவர் அதை நம்பிக் குளிசையை நிறுத்தி மூன்று கிழமை. நான் பைக்கற் ஒன்றை உடைத்துப் பார்த்தேன். மண்ணிறத் தூள், மூக்கைத் துளைக்கும் செயற்கை வாசனை. என் பேணியையும் எடுத்துவந்து இரண்டு கிளாஸில் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றினோம். ஒன்று உடனே சிவந்து கலங்கியது. மற்றதில் அரும்புகள் இன்னும் மிதந்துகொண்டிருந்தன. அக்கா இரண்டையும் குடித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. மறுநாள் இருவருமாகக் கிளினிக் போனோம். அழுத்தம் மிகவும் ஏறியிருந்தது. தாதியிடம் ஏச்சு வாங்கினோம், குளிசையும் வாங்கினோம்.

ஆகவே சகோதரிகளே, நல்ல வெள்ளைத் தேயிலையும் ஒரு தேநீர்தான், குளிசை அல்ல. நோய் மாற்றும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை. அதில் கபேயின் இல்லை என்பதும் பிழை. இளம் அரும்பில் கபேயின் நிறையவே உண்டு, இரவில் குடித்தால் நித்திரை வராமல் போகலாம். எந்தத் தேநீரும் சாப்பாட்டோடு சேர்ந்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். இரத்தக் குறைவு உள்ளவர்களும் பிள்ளைத்தாய்ச்சிகளும் சாப்பிட்டு ஒரு மணித்தியாலமாவது விட்டுக் குடியுங்கள்.

யாராவது கொண்டுவந்து தந்தால் முதலில் கையில் கொட்டிப் பாருங்கள். அரும்பு முழுதாக, பருமனாக, மயிர் உதிராமல், சாம்பல் கலந்த வெள்ளியாக இருக்கவேண்டும். சிவந்தும் உடைந்தும் இருந்தால், பூஞ்சண நெடி அடித்தால் நல்லதல்ல. இறுக்கமான பேணியில், வெளிச்சமும் ஈரமும் படாமல், மிளகாய்த்தூளுக்கும் கருவாட்டுக்கும் தூரமாக வையுங்கள். வாசனையை உடனே இழுத்துக்கொள்ளும்.

என் பேணியில் இப்போது அடியில் கொஞ்சந்தான். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அந்த அக்கா வருவார். முட்டை நாலு கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். கேத்திலை இறக்கி மூடியைத் திறந்து வைப்பது இப்போது அவருடைய வேலை.