தோரணத்துக்குக் கூலி கொடுங்கள்

தோட்டத்துக் கலைகள் அழிகின்றன என்று வருடத்துக்கு ஒரு கட்டுரையாவது வந்துவிடுகிறது. எல்லாவற்றிலும் குற்றவாளி ஒருவர்தான்: கைப்பேசியும் கையுமாகத் திரியும் இளைஞர். வசதியான குற்றவாளி.

நெகிரி செம்பிலானில் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. சனங்கள் சிரம்பான், நீலாய் பக்கம் குடிபோனார்கள். ஆனாலும் திருவிழா என்றால் தோட்டத்துக் கோயிலுக்குத்தான் திரும்புகிறோம். வாசலில் பிளாஸ்டிக் தோரணம் வரவேற்கிறது.

நான் பொறியாளன். குருத்தோலைத் தோரணத்தை அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். ஓலையைக் கிழித்து, ஈர்க்கை நீக்கி, கத்தியால் சில கீறல்கள். மற்றதெல்லாம் மடிப்புதான். பசை, ஆணி எதுவும் கிடையாது. இதற்கு இலக்கணமும் உண்டு. யாழ்ப்பாண வழக்கில் மங்கலத் தோரணத்துக்கு நான்கு குருவித்தலை, துக்கத் தோரணத்துக்கு மூன்று. பிளாஸ்டிக்குக்குக் கல்யாணமும் கருமாதியும் ஒன்றுதான்.

இதே மாநிலத்தில், 1908இல் முடிந்த ஸ்ரீ மெனாந்தி பழைய அரண்மனையை ஆணி அடிக்காமல் கட்டினார்கள் என்று வாய்பிளந்து நிற்கிறோம். நிற்க வேண்டியதுதான். கட்டியவர்களைக் கைவினைஞர்கள் என்கிறோம். விடியவிடிய ஓலை பின்னும் நம் பெரியவரை? 'ஐயா சேவை செய்றாரு' என்கிறோம்.

இந்தச் 'சேவை'தான் கலையைக் கொல்கிறது. பந்தலுக்குப் பணம், ஒலிபெருக்கிக்குப் பணம், கலர் லைட்டுக்குப் பணம். பிளாஸ்டிக் தோரணத்தையும் காசு கொடுத்துத்தான் வாங்குகிறோம். ஓலை பின்னுகிறவருக்கு மட்டும் சாப்பாடும் ஒரு பொன்னாடையும். வாடகை கட்டத் திணறும் பையன் இதை எதற்குக் கற்றுக்கொள்வான்?

சாமி காரியத்துக்குக் காசு வாங்கலாமா என்பார்கள். குருக்கள் தட்சணை வாங்குகிறார், நாதஸ்வரக்காரர் சம்பளம் வாங்குகிறார். ஓலைக்கு மட்டும் என்ன தீட்டு?

உக்ரேனின் கார்ப்பாத்திய மலைகளில் வாழும் ஹுட்சுல் மக்களின் கோசிவ் மண்பாண்டக் கலை 2019இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. கோசிவில் கைவினை படிப்பிக்கக் கல்லூரி இருக்கிறது, செய்ததை விற்கச் சந்தை இருக்கிறது. செய்பவருக்குச் சோறு போட்டதால் கலை நின்றது. பட்டியல் பிறகு வந்தது.

ஆகவே கோயில் நிர்வாகங்களுக்கு ஒரே கோரிக்கை. அடுத்த திருவிழாக் கணக்கில் ஒரு வரி சேருங்கள்: தோரணக் கூலி. பெரியவருக்கு ஒரு தொகை, பக்கத்தில் உட்கார்ந்து பழகும் பையனுக்கோ பெண்ணுக்கோ ஒரு தொகை. கலை அழிகிறது என்று எழுதுபவர்கள் முதல் நன்கொடையைக் கொடுக்கலாம். அதற்கப்புறமும் யாரும் வரவில்லையென்றால், அப்போது எங்களைத் திட்டுங்கள்.