ஊர் திரும்பும்போதே கையில் தர வேண்டிய சான்றிதழ்

கணவன், மனைவி இருவரில் ஒருவர் அமெரிக்காவிலோ கனடாவிலோ குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ பெற்றிருக்கிறார். மற்றவர் தமிழ்நாட்டில் குடியேற்ற விசாவுக்குக் காத்திருக்கிறார். விண்ணப்பத்தோடு சேர்க்க வேண்டிய ஆவணங்களில் திருமணப் பதிவு, பிறப்புச் சான்று, வருமான உறுதிமொழி ஆகியவை கொஞ்சம் அலைந்தால் கிடைத்துவிடும். பல குடும்பங்கள் சிக்கிக்கொள்ளும் இடம் காவல் துறை நன்னடத்தைச் சான்று. எல்லோர் வாயிலும் அதற்கு ‘பி.சி.சி.’ என்றே பெயர். அதிலும் இந்தியாவில் வாங்க வேண்டியது பெரிய தொல்லை தருவதில்லை. பல வருடங்களுக்கு முன்பு சவூதியிலோ குவைத்திலோ கத்தாரிலோ வேலை பார்த்துவிட்டு வந்த காலத்துக்கான சான்றுதான் விசாவையே நிறுத்திவைக்கிறது.

யாரிடம், எந்த நாட்டுச் சான்று கேட்கப்படுகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். அமெரிக்கக் குடியேற்ற விசாவுக்கு விண்ணப்பிப்பவர் 16 வயதைக் கடந்தவர் என்றால், தன் குடியுரிமை நாட்டிலும் இப்போது வசிக்கும் நாட்டிலும் ஆறு மாதங்களுக்கு மேல் வாழ்ந்திருந்தாலே சான்று தர வேண்டும். வேறு எந்த நாட்டிலாவது 12 மாதங்களோ அதற்கு மேலோ வசித்திருந்தால் அங்கிருந்தும் தர வேண்டும். எங்காவது கைது செய்யப்பட்டிருந்தால் கால அளவு பார்ப்பதே இல்லை. கனடாவில் துணைவரை வரவழைக்கும் விண்ணப்பத்தில், 18 வயதுக்குப் பிறகு, கடந்த பத்து ஆண்டுகளுக்குள் தொடர்ந்து ஆறு மாதங்களோ அதற்கு மேலோ தங்கிய ஒவ்வொரு நாட்டுக்கும் சான்று தேவை. அமெரிக்க விதியில் அந்தப் பத்தாண்டு வரம்புகூடக் கிடையாது. இருபது வயதில் இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் ரியாத்துக்குப் போய்வந்த எலெக்ட்ரீஷியன், நாற்பது வயதில் அமெரிக்காவில் செவிலியராக இருக்கும் மனைவியோடு சேர விண்ணப்பித்தாலும், அந்த இரண்டு ஆண்டுகளுக்குக் கணக்குக் காட்டியாக வேண்டும்.

இந்தியத் தரப்பில் நிலைமை கணிசமாக மேம்பட்டிருப்பதை மறுக்க முடியாது. பாஸ்போர்ட் அலுவலகத்தின் இணையதளத்தில் விண்ணப்பித்து, 500 ரூபாய் கட்டி, நேரில் ஆவணம் காட்டினால், உள்ளூர்க் காவல் நிலையச் சரிபார்ப்புக்குப் பிறகு சான்று வந்துவிடுகிறது. 2022இல் விண்ணப்பங்கள் திடீரென்று குவிந்தபோது, அந்த ஆண்டு செப்டம்பர் 28 முதல் அஞ்சலக பாஸ்போர்ட் சேவை மையங்களிலும் விண்ணப்பிக்க வெளியுறவு அமைச்சகம் வழிசெய்தது. முகவரி மாறியிருப்பவர்கள் சிறிது காலம் தாமதத்தைச் சந்திக்கிறார்கள். ஆனாலும் கேட்பவரும் கொடுப்பவரும் ஒரே நாட்டில் இருக்கிறார்கள். தவறு நேர்ந்தால் போய்க் கேட்க ஓர் அலுவலகம் இருக்கிறது.

வெளிநாட்டுச் சான்றில் அந்த வசதி எதுவும் இல்லை. இத்தனைக்கும் அந்த நாட்டில் குடியிருக்கும்வரை அது மிக எளிது. ஐக்கிய அரபு அமீரகத்தில் வசிப்பவர் உள்துறை அமைச்சகத்தின் செயலியிலேயே விண்ணப்பித்துவிடலாம். விசா ரத்தாகி ஊர் வந்தபின் கதை மாறுகிறது. பொதுவாக நடப்பது இது: உள்ளூர்க் காவல் துறையிடம் கைரேகை அட்டை வாங்க வேண்டும், அதற்கு நம் அரசின் மேலொப்பம், பிறகு அந்த நாட்டுத் தூதரகத்தின் முத்திரை, அதற்குப் பிறகும் அங்கே இருக்கும் உறவினரோ நண்பரோ கட்டண ஏஜென்ட்டோ அதிகாரப் பத்திரம் பெற்றுப் போய் விண்ணப்பிக்க வேண்டியிருக்கலாம். பழைய பாஸ்போர்ட்டின் விசாப் பக்கம், இக்காமா (வசிப்பு அட்டை) எண், சிவில் ஐடி நகல் ஆகியவற்றில் ஒன்று இல்லையென்றாலும் விண்ணப்பம் திரும்பும். நம்மவர்களின் பெயர் வழக்கம் இதை இன்னும் கடினமாக்குகிறது. முதல் பாஸ்போர்ட்டில் முன்னெழுத்தாக இருந்த தந்தை பெயர் அடுத்ததில் விரிந்திருக்கும். பெண்களுக்குத் திருமணத்துக்குப் பின் அந்த இடத்தில் கணவர் பெயர் வந்திருக்கும். அங்கே பதிவேட்டில் இருப்பவரும் இங்கே கேட்பவரும் ஒரே ஆள்தான் என்று நிறுவுவதே தனி வேலையாகிவிடுகிறது.

இந்தச் சுமையின் விலையைத் தம்பதிகள் பணத்தைவிடக் காலத்தில்தான் அதிகம் கொடுக்கிறார்கள். அமெரிக்காவின் தேசிய விசா மையத்தில் ஆவணம் முழுமை பெறாமல் நேர்காணல் தேதி கிடைக்காது. மும்பையில் நேர்காணலுக்குப் போன பிறகு குறை தெரியவந்தால், அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் 221(ஜி) பிரிவின்கீழ் விசா நிறுத்திவைக்கப்படும். மருத்துவப் பரிசோதனைக்கு வழக்கமாக ஆறு மாதமே ஆயுள். வெளிநாட்டுச் சான்று வந்து சேர்வதற்குள் அது முடிந்துவிட்டால், மறுபடியும் பரிசோதனை, மறுபடியும் கட்டணம். நிரந்தர வசிப்புரிமை பெற்றவரின் துணைவருக்கு ஆண்டு உச்சவரம்பு வேறு இருப்பதால், காத்திருக்கும்போதே இந்தியச் சான்றுக்கு அமெரிக்க விதி வைக்கும் இரண்டு ஆண்டுக் கெடுவும் கடந்துவிடக்கூடும். குழந்தை பிறந்து தந்தையைக் காணொளியில் மட்டுமே பார்த்து வளரும் வீடுகளில் இந்த மாதங்களை வெறும் நிர்வாகத் தாமதம் என்று சொல்லிவிட முடியாது.

இதற்குத் தீர்வாகப் பொதுவாகச் சொல்லப்படுவது, ‘விதியைத் தளர்த்துங்கள்’ என்று அமெரிக்காவையும் கனடாவையும் கேட்பது. அதில் நியாயம் உண்டு. ஆனால் அமெரிக்காவில் இந்தச் சான்றுக்கான நிபந்தனை 1952ஆம் ஆண்டுக் குடியேற்ற, குடியுரிமைச் சட்டத்தின் 222(பி) பிரிவிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அங்கே அரசியல் போகும் திசையைப் பார்த்தால் தளர்வு வரும் என்று நம்பிக் காத்திருப்பது வீண். வேறொரு வழி நம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. வேலை ஒப்பந்தம் முடிந்து ஒரு தொழிலாளி நாடு திரும்பும்போதே, அந்த நாட்டின் காவல் துறைச் சான்று அவர் கையில் கிடைக்க வேண்டும். வளைகுடா நாடுகளுடனும் மலேசியாவுடனும் தொழிலாளர் உடன்பாடுகளைப் பேசும்போது இந்தியா இதை ஒரு விதியாகவே சேர்க்க வேண்டும் என்பது என் வாதம்.

இந்த யோசனைக்கு வலுவான ஆதாரம் அமெரிக்க விதியிலேயே உள்ளது. காவல் துறைச் சான்று இரண்டு ஆண்டுகளில் காலாவதியாகும். ஆனால் முன்பு வசித்த நாட்டின் சான்றுக்கு, அது வழங்கப்பட்ட பிறகு விண்ணப்பதாரர் அந்த நாட்டுக்குத் திரும்பிப் போகாதவரை, அந்தக் கெடு பொருந்தாது. 2010இல் குவைத்தை விட்டுக் கிளம்பும்போது ஒருவர் சான்று வாங்கியிருந்து, பிறகு அங்கே போகாமலும் இருந்தால், இன்றைய விண்ணப்பத்தில் அதை வைக்கலாம். அன்று சில நாட்களில் முடிந்திருக்கக்கூடிய வேலை இன்று மாதக்கணக்கில் இழுக்கிறது. கனடா விதி இதில் சற்றுக் கண்டிப்பானது. முன்பு வசித்த நாட்டின் சான்று, கடைசியாக அங்கே வசித்ததற்குப் பிந்தைய தேதியில் இருக்க வேண்டும் என்கிறது. அப்படியானால் புறப்படுவதற்கு முந்தைய வாரத் தேதியிட்ட தாள் போதாமல் போகலாம். வெளியேறிய நாளைப் பதிவுசெய்துகொண்டு, அதன் பிறகு சான்று மின்னணு வடிவில் தானாக வந்துசேரும்படி செய்தால் இரு நாட்டு விதிகளும் நிறைவேறும்.

வளைகுடா நாடுகளுக்கு இது புதிய வேலையைச் சுமத்துமா? வழக்கு நிலுவையில் உள்ளவருக்கு அங்கே பயணத் தடை இருக்கும். விமான நிலையத்திலேயே நிறுத்திவிடுவார்கள். ஒருவரை வெளியேற அனுமதிக்கும் நொடியிலேயே அவர்மீது நிலுவை இருக்கிறதா என்பதை அந்த அரசின் கணினி பார்த்துவிடுகிறது. கைரேகையும் புகைப்படமும் வசிப்பு அட்டை எண்ணும் அதே இடத்தில் இருக்கின்றன. அந்தத் தகவலை ஒரு தாளாக அச்சிட்டுத் தருவதற்கு ஆகும் செலவு, ஆள் போனபின் பதிவேட்டைத் தேடி எடுக்கும் செலவைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

இந்தியா கேட்டால் அவர்கள் இசைவார்களா என்ற ஐயத்துக்கு 2022ஆம் ஆண்டே பதில் வைத்திருக்கிறது. அந்த ஆண்டு ஆகஸ்ட்டில் சவூதி அரேபியா, வேலைக்கு வரும் இந்தியர்கள் இந்தியக் காவல் துறைச் சான்று தர வேண்டும் என்றது. பாஸ்போர்ட் அலுவலகங்களில் கூட்டம் நெருக்கித் தள்ளியது. நவம்பரில் டெல்லியிலுள்ள சவூதித் தூதரகம், இரு நாட்டு உறவைக் காரணம் காட்டி, இந்தியர்களுக்கு அந்த நிபந்தனை இனி இல்லை என்று அறிவித்தது. மூன்றே மாதங்களில் ஒரு நாடு இந்தியர்களுக்காகத் தன் நிபந்தனையைக் கைவிட்டிருக்கிறது. சுமார் 90 லட்சம் இந்தியர்கள் வாழும் பகுதியில், திரும்பி வருபவருக்கு ஒரு சான்று கேட்பது பெரிய கோரிக்கை ஆகாது.

எதிர்வாதங்களில் எளியது, திரும்புபவர்களில் மிகச் சிலருக்கே இது தேவைப்படும், எல்லோருக்கும் ஏன் கொடுக்க வேண்டும் என்பது. அந்தச் சிலர் யார் என்பது கிளம்பும் நாளில் யாருக்கும் தெரியாது என்பதே பதில். இருபத்து நான்கு வயதில் விமானம் ஏறும் இளைஞருக்குத் தான் யாரை மணப்போகிறோம், அவர் எங்கே வசிப்பார் என்று எப்படித் தெரியும்? வளைகுடாவில் அனுபவம் பெற்ற செவிலியர்களும் வெல்டர்களும் பின்னாளில் கனடா, ஆஸ்திரேலியா, ஐரோப்பா என்று நகர்வது வாடிக்கை. விசா மனுவோடு வேலை மனுவுக்கும் அந்தச் சான்று உதவும்.

இரண்டாவது எதிர்வாதம் கனமானது. சான்று என்று ஒன்று வந்துவிட்டால் அதையும் கஃபீல் எனப்படும் பொறுப்பு முதலாளி பிடித்துவைத்துக்கொள்வார், ஏஜென்ட் அதற்கும் பணம் கேட்பார் என்பது அது. பாஸ்போர்ட்டைப் பறித்துவைக்கும் வழக்கத்தை ஆண்டுக்கணக்காகப் பார்த்தவர்கள் இப்படி அஞ்சுவதில் வியப்பில்லை. எனவே மூன்று நிபந்தனைகளை விட்டுக்கொடுக்கவே கூடாது. சான்று, முதலாளியைத் தொடாமல் அந்த நாட்டு அரசிடமிருந்து நேரே தொழிலாளிக்குப் போக வேண்டும். அது கிடைக்கும்வரை வெளியேற்றத்தைத் தள்ளிவைக்கக் கூடாது. கட்டணம் இருந்தால் அதைத் தொழிலாளி தலையில் கட்டக் கூடாது. இவற்றை ஏற்காத உடன்பாட்டைவிட இப்போதைய நிலையே மேல்.

ஓடிப்போனார் என்று முதலாளி கொடுக்கும் புகாரில்தான் இந்தப் பிரச்சினையின் ஆழம் தெரிகிறது. சவூதியில் அதற்கு ‘ஹுரூப்’ என்று பெயர். சம்பளம் கேட்டவர்மீதும் வேறு இடத்துக்குப் போனவர்மீதும் பழிவாங்க இது பயன்படுத்தப்படுவதாகத் தொழிலாளர்கள் தொடர்ந்து முறையிடுகிறார்கள். பொதுமன்னிப்புக் காலத்தில் வெளியேறியவர்களும் அநேகர். இவர்களின் பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அவர்கள் பெரும்பாலும் அறியவே மாட்டார்கள். பத்து ஆண்டு கழித்து வாழ்க்கைத் துணையின் நாட்டுத் தூதரகத்தில் அது வெளிப்படும்போது, சாட்சி சொல்ல ஆளும் இருக்காது, முறையிட இடமும் இருக்காது. கிளம்பும்போதே சான்று கிடைத்தால், தவறான பதிவை அங்கேயே, இந்தியத் தூதரகத்தின் துணையோடு எதிர்க்கலாம். விசாக் காலம் கடந்து தங்கியது மட்டுமே குற்றம், வேறு எதுவும் இல்லை என்று தெளிவாக எழுதிவாங்கவும் முடியும். என்னைப் பொறுத்தவரை, விசா வசதியைவிட இதுவே இந்தக் கோரிக்கைக்கு முதன்மையான காரணம்.

அரசுகள் தங்களுக்குள்ளேயே பதிவேடுகளைப் பரிமாறிக்கொண்டால் தாளே வேண்டாமே என்று சிலர் கேட்கலாம். கேட்கச் சரியாகத் தோன்றினாலும் எனக்கு அதில் உடன்பாடில்லை. தன்னைப் பற்றி ஒரு நாடு இன்னொரு நாட்டிடம் என்ன சொன்னது என்பதையே அறியாத நிலைக்கு அது தொழிலாளியைத் தள்ளிவிடும். சான்று அவர் கையில் இருக்கும்வரை, அதைப் படித்துப் பார்க்கவும் பிழை இருந்தால் சுட்டிக்காட்டவும் அவரால் முடியும்.

இந்தியாவுக்கு இதற்கான நிர்வாகக் கட்டமைப்பு ஏற்கெனவே உள்ளது. 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ் 18 நாடுகளுக்குப் போகும் ஒரு பிரிவினர் அனுமதி பெற்றே போக வேண்டும். 2014 முதல் அந்தப் பதிவு ‘இ-மைக்ரேட்’ தளத்தில் நடக்கிறது. போவதைப் பதிவுசெய்யும் தளம் திரும்புவதையும் பதிவுசெய்து, சான்றின் மின்னணு நகலைத் தொழிலாளியின் கணக்கில் வைத்திருக்கலாம். 2021இல் புதிய குடிபெயர்வு மசோதாவின் வரைவு மக்கள் கருத்துக்கு வைக்கப்பட்டது; அந்தப் பழைய சட்டத்தை மாற்றும்போது திரும்பி வருபவருக்கும் அதில் ஒரு பகுதி ஒதுக்கலாம். தமிழ்நாட்டில் அயலகத் தமிழர் நலத்துக்கென்றே ஆணையரகமும் வாரியமும் இருக்கின்றன. உடன்பாடு வரும்வரை அவை காத்திருக்க வேண்டியதில்லை. பயணத்துக்கு முன் நடத்தும் வழிகாட்டுதல் வகுப்புகளில், ‘விசா ரத்தாகும் முன்பே பி.சி.சி. எடுத்துக்கொண்டு வாருங்கள், பழைய பாஸ்போர்ட்டையும் இக்காமா நகலையும் தூக்கி எறியாதீர்கள்’ என்று சொல்லித் தருவதற்கு எந்த வெளிநாட்டின் இசைவும் தேவையில்லை.

ஏற்கெனவே திரும்பிவிட்டவர்களுக்கு இந்த யோசனை உதவாது. அவர்களுக்கு அதே 222(பி) பிரிவில் ஒரு சிறு வழி இருக்கிறது. ஒரு ஆவணத்தைப் பெறவே முடியவில்லை என்று விசா அதிகாரி மனநிறைவு அடையும்படி நிறுவினால், அதற்கு ஈடான வேறு ஆதாரத்தை அவர் ஏற்கலாம். எந்த நாட்டில் என்ன கிடைக்கும் என்று அமெரிக்க வெளியுறவுத் துறை வைத்திருக்கும் பட்டியலை ஒட்டியே அதிகாரிகள் முடிவெடுப்பதால், ‘கிடைக்கும்’ என்று அதில் குறித்துள்ள நாடுகள் விஷயத்தில் வெறும் வாய்மொழி விளக்கம் எடுபடாது. விண்ணப்பம் அனுப்பிய ரசீது, தூதரகம் திருப்பி அனுப்பிய கடிதம், பதிலே வராத மின்னஞ்சல்கள் எல்லாம் தேதிவாரியாகக் கையில் இருக்க வேண்டும். அவற்றைத் தொகுத்து, உரிய தூதரகங்களுக்கு அரசு முத்திரையுடன் நினைவூட்டல் அனுப்ப ஆணையரகத்தில் ஒரு பிரிவைத் திறந்தால், தனி ஆளாக எழுதிக் களைத்துப்போன தம்பதிகளுக்கு இந்த ஆண்டிலிருந்தே உதவி கிடைக்கும்.