பனிநீரில் குதிக்கும் முன்...

மொன்றியலில் பனிக்காலம் தொடங்கிவிட்டால் எம்மவர்களுக்கு வீடு, வேலைத்தலம், கோவில் என்று மூன்றே இடங்கள்தான். இம்முறை பிள்ளைகளின் வற்புறுத்தலால் நாம் நான்கு குடும்பங்களாக லோறென்சியன் மலைப்பகுதியில் உள்ள ஓர் ஏரிக்கரைக்குச் சென்றோம். அங்கே வாகனத்தில் கட்டி இழுத்து வரப்பட்ட சிறிய மர அறை ஒன்று நின்றது. உள்ளே விறகு அடுப்பும் அதன்மேல் சூடேறிய கற்களும். இதுதான் நடமாடும் சோனா. உள்ளே பத்து நிமிடம் வியர்க்க இருந்துவிட்டு, ஏரியின் பனிக்கட்டியில் வெட்டிய குழிக்குள் இறங்கி எழும்புகிறார்கள்.

வெந்நீர் எமக்குப் புதிதல்ல. கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளில் அள்ளிக் குளித்தவர்கள் நாம். சனிக்கிழமை எண்ணெய் முழுக்கும் எமது வழக்கம்தான். ஆனால் பனிநீர் எமக்குப் பழக்கமில்லாதது.

எம்முடன் வந்த பெரியவர் ஒருவர் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர். "என்ன மாமா, பயமோ?" என்று இளையவர்கள் கேட்டதும், "எனக்கென்ன பயம்" என்று குதித்துவிட்டார். மறுகணம் மூச்சும் வரவில்லை, பேச்சும் வரவில்லை. இருவர் கையைப் பிடித்துத் தூக்கினார்கள். அரை மணி நேரத்தில் தெளிந்துவிட்டார். மாத்திரை எடுக்கிறீர்களா என்று நாம் எவரும் அவரைக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தவறு எம் எல்லோருடையதும்தான்.

வெப்பத்தில் இரத்தக் குழாய்கள் விரிந்திருக்கும். பனிநீர் பட்டவுடன் அவை சடுதியாகச் சுருங்க, இரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும் எகிறும். நம்மை அறியாமலே மூச்சை உள்ளிழுப்போம். அந்நேரம் தலை நீருக்குள் இருந்தால் ஆபத்து. குளிர்நீரில் விழுந்தவர் மூச்சைக் கட்டுப்படுத்த முதல் 1 நிமிடம் தேவை என்பதை, மனிட்டோபா பல்கலைக்கழகத்தில் இதை நீண்டகாலம் ஆராய்ந்த பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ற் வலியுறுத்தி வந்துள்ளார். பலவீனமான இதயத்துக்கு அந்த ஒரு நிமிடமே போதும்.

"பின்லாந்துக்காரர் செய்கிறார்களே" என்று கேட்கலாம். சுமார் 55 இலட்சம் மக்களுக்கு ஏறத்தாழ 30 இலட்சம் சோனாக்கள் உள்ள நாடு அது. அங்கே 2,315 ஆண்களைப் பல ஆண்டுகள் கவனித்து 2015இல் வெளியான ஆய்வில், வாரத்தில் அடிக்கடி சோனா சென்றவர்களிடையே திடீர் இதய மரணங்கள் குறைவாக இருந்தன. நல்ல செய்திதான். ஆனால் அவர்கள் சிறுவயது முதல் பழகியவர்கள். அந்த ஆய்வு பார்த்ததும் வெப்பத்தையே. பனிநீரில் குதிப்பதை அல்ல.

எமது நிலையோ வேறு. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிடச் சராசரியாக 6 வருடங்கள் முன்னதாக வருகிறது என 2007இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்று காட்டியது. நீரிழிவும் எமது வீடுகளில் சாதாரணமாகிவிட்டது. இன்சுலின் போடுபவர்களுக்கு வெப்பத்தில் அது இரத்தத்தில் விரைவாகக் கலந்து சர்க்கரை சட்டென இறங்கலாம். காலில் உணர்வு குறைந்தவர்களுக்குச் சூடு பட்டாலும் தெரியாது.

ஆகவே போகவேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பனிக்காலம் முழுவதும் தொலைக்காட்சிக்கு முன் முடங்கிக் கிடப்பதைவிட, மரங்களுக்கு நடுவே குடும்பமாக ஒரு நாள் கழிப்பது எவ்வளவோ மேல். ஆனால் இதய நோய், இரத்த அழுத்தம், நீரிழிவு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் முதலில் குடும்ப வைத்தியரைக் கேட்கவேண்டும். வைத்தியரைச் சந்திக்கத் தாமதமாகும் என்றால், 811 இலக்கத்தில் தாதியர் ஒருவருடன் பேசலாம். மது அருந்திவிட்டுச் செல்லவே கூடாது. தாலிக்கொடி, காப்பு, சங்கிலி சூடேறித் தோலைச் சுடும். கழற்றி வைப்பது நல்லது. தண்ணீர் குடியுங்கள், தனியே இறங்காதீர்கள். பனிநீர் வேண்டாமென்றால் வெளியே நின்று குளிர்காற்றை வாங்கினாலே போதும்.

எமது சங்கம் இத்தகைய பயணங்களை ஒழுங்கு செய்யும்போது, பெயர் பதியும் நேரத்திலேயே "என்ன மாத்திரை எடுக்கிறீர்கள்?" என்று கேட்கும் வழக்கத்தைத் தொடங்கவேண்டும் என்பது எமது கருத்து. பிள்ளைகளே, பெரியவர்களைச் சீண்டாதீர்கள். பெரியவர்களே, "எனக்கு ஏலாது" என்று சொல்வதில் வெட்கம் எதுவுமில்லை.