முல்லைத்தீவுக் கடலடியைக் காட்ட வேண்டியவர்கள்

முல்லைத்தீவில் சுழியோடிச் சுற்றுலா தொடங்குமானால், படகும் வழிகாட்டியும் அந்தக் கரையின் கடற்றொழிலாளர் சங்கங்களுடையதாகவே இருக்க வேண்டும். வெளியாரின் சட்டவிரோத மீன்பிடிக்கு எதிராக 2018 ஓகஸ்டில் வீதிக்கு இறங்கிய மக்களிடம், கடலடியையும் வெளி நிறுவனங்களுக்கு விட்டுக்கொடுங்கள் என்று கேட்பது அநீதி. அந்தக் கடலடியைக் காக்கப் பாதுகாப்பு என்ற அறிவிப்பு மட்டும் போதாது என்பதற்குத் திருகோணமலையின் புறாத்தீவே சாட்சி: 2003இல் தேசியப் பூங்காவான பின்னும் வருவோரின் கால்பட்டு முருகைக்கற்கள் நொறுங்கின. மாறாக, மத்தியதரைக் கடலில் ஸ்பெயினின் மெடஸ் தீவுகளைச் சுற்றி 1983இலேயே மீன்பிடி தடைசெய்யப்பட்டது. சுழியோடிகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. அங்கே களவா மீன்கள் பெருகின, அவற்றைப் பார்க்க வருவோரால் எதிர்க்கரை ஊர் பிழைக்கிறது.

இங்கும் அப்படித் தடை வந்தால் எங்கள் வலைக்கு என்ன வழி என்று மீனவர் கேட்பது நியாயமே. முழுக்கடலையும் மூட வேண்டியதில்லை. சங்கங்களே தெரிவுசெய்யும் சிறிய பார் ஒன்று போதும். மாரியில் கடல் கொந்தளிக்கும் என்பதும் உண்மை. ஆகவே இது மீன்பிடிக்கு மாற்றல்ல, அமைதியான மாதங்களுக்கான துணை வருமானம். இளைஞர்களின் பயிற்சிச் செலவை அரசு ஏற்க வேண்டும். அவர்கள் சான்றிதழ் பெறும்வரை எந்த வெளி நிறுவனத்துக்கும் அனுமதி வழங்கக்கூடாது.